பழப்பானத்தில் புரதப் பொடி: யாருக்குத் தேவை, யாருக்குத் தீங்கு?

மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் நோயாளிகளின் குடும்பத்தினர் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "உடம்பு மிகவும் இளைத்துவிட்டது. பழத்தையும் பாலையும் மிக்ஸியில் அடித்துக் கொடுக்கிறோம். அதில் புரோட்டீன் பவுடரும் ஒரு கரண்டி சேர்க்கலாமா?" இந்தக் கேள்வி அக்கறையிலிருந்து எழுவது. நோயுற்றவரின் தளர்ச்சியைத் தினமும் அருகிலிருந்து பார்ப்பவர்கள் எதையாவது செய்ய வேண்டும் என்று எண்ணுவது இயல்பே.

ஆயினும் இதற்கு எல்லோருக்கும் பொருந்தும் ஒரே விடை கிடையாது. புரதப் பொடி சிலருக்கு அவசியமான உணவு. பலருக்கு அது தேவையற்ற செலவு. வேறு சிலருக்கு அது நோயை முற்றச் செய்யக்கூடியது. ஒரே டப்பா, ஒரே வீட்டில் இருக்கும் இரு நோயாளிகளில் ஒருவருக்கு நன்மையையும் மற்றவருக்குத் தீங்கையும் விளைவிக்க இயலும். தங்கள் இல்லத்தில் இருப்பவர் எந்த வகையினர் என்பதை அறிந்துகொள்ள உதவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒரு நாளைக்கு எவ்வளவு புரதம் தேவை?

தசை, தோல், குருதி, நோய் எதிர்ப்புப் பொருள்கள், செரிமான நொதிகள் ஆகிய அனைத்தும் புரதத்தால் ஆனவை. உடல் கொழுப்பைச் சேமித்து வைப்பதுபோல் புரதத்தைச் சேமித்து வைப்பதில்லை. உணவில் குறையும்போது தசையைக் கரைத்தே தன் தேவையை நிறைவு செய்துகொள்கிறது. தேவைக்கு மேல் உண்ணும்போது மிகுதியானதை எரிபொருளாகச் செலவிடுகிறது அல்லது கொழுப்பாக மாற்றுகிறது.

ஹைதராபாத்தில் இயங்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் 2020ஆம் ஆண்டில் வெளியிட்ட பரிந்துரையின்படி, நலமாக உள்ள வயதுவந்தவருக்கு உடல் எடையில் ஒரு கிலோவிற்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் போதுமானது. 60 கிலோ எடையுள்ளவருக்கு இது ஏறத்தாழ 50 கிராம்.

நோயின்போது இந்தக் கணக்கு மாறுகிறது. முதியோருக்குக் கிலோவிற்கு 1 முதல் 1.2 கிராம் வரையிலும், அவர்கள் நோயுற்றிருந்தால் 1.5 கிராம் வரையிலும் தேவைப்படலாம். புற்றுநோய்ச் சிகிச்சை பெறுவோர், பெரிய அறுவைச் சிகிச்சைக்கு உள்ளானோர், தீக்காயமோ படுக்கைப்புண்ணோ உடையோர் ஆகியோருக்கும் தேவை கூடுகிறது. மாறாக, டயாலிசிஸ் நிலையை எட்டாத நாள்பட்ட சிறுநீரக நோயாளிகள் கிலோவிற்கு 0.8 கிராம் என்ற அளவிலேயே நிற்க வேண்டும் எனப் பன்னாட்டுச் சிறுநீரக வழிகாட்டுதல் அறிவுறுத்துகிறது.

நம் வீட்டு உணவில் எவ்வளவு இருக்கிறது?

பொடியைப் பற்றி முடிவு செய்வதற்கு முன், தட்டில் ஏற்கெனவே இருப்பதைக் கணக்கிட வேண்டும். முட்டை உண்ணாத, நம் ஊர்ப் பழக்கத்தில் உண்ணும் ஒருவரின் ஒரு நாளை எடுத்துக்கொள்வோம். காலையில் நான்கு இட்லி சுமார் 8 கிராம் புரதம் தரும். பகலும் இரவும் சேர்த்து 200 கிராம் அரிசியைச் சோறாக உண்டால் 15 கிராம். சாம்பாரிலும் கூட்டிலும் சேரும் பருப்பு 30 கிராம் என்றால் அதிலிருந்து 7 கிராம். காப்பி, தேநீர் வழியாகச் சேரும் 200 மில்லி பாலில் 6 கிராம். ஒரு கிண்ணம் தயிரில் 3 கிராம். காய்கறிகளில் 2 கிராம். மொத்தம் ஏறக்குறைய 41 கிராம்.

60 கிலோ எடையுள்ளவருக்குத் தேவை 50 கிராம். ஆகவே குறைபாடு 9 கிராம் மட்டுமே. ஒரு முட்டையும் அரைக் கைப்பிடி வறுத்த வேர்க்கடலையும் இதை நிறைவு செய்துவிடும். இத்தகையவர் புரதப் பொடி வாங்க வேண்டிய தேவையே இல்லை.

வீட்டில் கிடைக்கும் சில பொருள்களின் புரத அளவைத் தோராயமாகக் கீழே தருகிறோம்:

பால், ஒரு டம்ளர் (200 மில்லி): 6 கிராம்
முட்டை ஒன்று: 6 கிராம்
பொட்டுக்கடலை, ஒரு கைப்பிடி (30 கிராம்): 6 கிராம்
வேர்க்கடலை, ஒரு கைப்பிடி (30 கிராம்): 7 கிராம்
பாசிப்பருப்பு (30 கிராம்): 7 கிராம்
பனீர் (50 கிராம்): 9 கிராம்
மீன் அல்லது தோல் நீக்கிய கோழி இறைச்சி (100 கிராம்): 18 முதல் 20 கிராம்
உலர்ந்த சோயா உருண்டைகள் (25 கிராம்): 13 கிராம்
கொழுப்பு நீக்கிய பால்பொடி, ஒரு மேசைக்கரண்டி: 3 கிராம்
பாதாம் பத்து: 2.5 கிராம்
வாழைப்பழம் ஒன்று: 1 கிராம்

இப்பட்டியலிலிருந்து ஓர் உண்மை விளங்கும். பழத்தை மட்டும் நீரிலும் சர்க்கரையிலும் அடித்துத் தரும் சாற்றில் புரதம் ஏறத்தாழ இல்லை. அதையே ஒரு டம்ளர் பால், ஒரு வாழைப்பழம், ஒரு கைப்பிடி பொட்டுக்கடலை என்று மாற்றினால் 13 கிராம் கிடைக்கிறது. அதனுடன் ஒரு மேசைக்கரண்டி பால்பொடியும் கலந்தால் 16 கிராம். இது பல புரதப் பொடிகள் ஒரு வேளைக்குத் தருவதாகச் சொல்லும் அளவுக்கு நிகரானது அல்லது அதைவிட அதிகமானது.

டப்பாவில் இருப்பது என்ன?

"புரதப் பொடி" என்ற ஒரே பெயரில் வெவ்வேறு பொருள்கள் விற்கப்படுகின்றன.

உடற்பயிற்சி செய்வோர் பயன்படுத்தும் வே புரோட்டீன் முதல் வகை. பாலைத் திரித்துப் பனீர் எடுத்தபின் எஞ்சும் தெளிந்த நீரில் உள்ள புரதத்தைப் பிரித்து உலர்த்தியது இது. 100 கிராமில் 70 முதல் 90 கிராம் வரை புரதம் இருக்கும். சோயா, பட்டாணி, அரிசி ஆகியவற்றிலிருந்தும் இதேபோல் பொடிகள் எடுக்கப்படுகின்றன. மருந்துக் கடைகளில் விற்கப்படும், சுவையூட்டப்பட்ட புரதப் பொடிகள் இரண்டாம் வகை. இவற்றில் பலவற்றில் 100 கிராமிற்கு 20 முதல் 40 கிராம் வரைதான் புரதம். எஞ்சியதில் பெரும்பகுதி மாவுச்சத்தும் சர்க்கரையும். மால்ட் கலந்த சத்துபானப் பொடிகள் மூன்றாம் வகை. இவற்றில் புரதம் மிகக் குறைவு, சர்க்கரை மிகுதி. "ஆரோக்கிய பானம்" என்ற பெயருக்கு நம் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் வரையறையே இல்லை என்பதைச் சுட்டிக்காட்டி, இத்தகைய பானங்களை அப்பெயரின் கீழ் விற்கலாகாது என உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2024 ஏப்ரலில் இணைய வணிக நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியது நினைவிருக்கலாம்.

விலையைப் பார்க்கும்போது டப்பாவின் விலையைப் பாராமல், ஒரு கிராம் புரதத்தின் விலையைப் பாருங்கள். 400 கிராம் டப்பா ஒன்று 1,200 ரூபாய் என்றும், அதில் 100 கிராமிற்கு 30 கிராம் புரதம் என்றும் கொள்வோம். டப்பா முழுவதிலும் இருப்பது 120 கிராம் புரதம். ஒரு கிராமிற்கு 10 ரூபாய். முட்டை ஒன்று ஏழு ரூபாய் என்றால் ஒரு கிராம் புரதத்தின் விலை ஒரு ரூபாய் இருபது காசை எட்டாது. மாத வருமானத்தில் பெரும்பங்கை மருந்துக்கே செலவிடும் குடும்பங்கள் இந்த வேறுபாட்டைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

டப்பாவின் மேல் அச்சிட்டிருப்பதெல்லாம் உள்ளே இருக்கிறது என்பதற்கும் உறுதியில்லை. இந்தியச் சந்தையில் விற்கப்படும் 36 புரதப் பொடிகளைச் சோதித்து 2024இல் வெளியான ஓர் ஆய்வில், ஏறத்தாழ 70 விழுக்காட்டில் புரத அளவு தவறாகக் குறிப்பிடப்பட்டிருந்தது. சிலவற்றில் சொன்னதில் பாதியே இருந்தது. சுமார் 14 விழுக்காட்டில் அஃப்ளாடாக்சின் எனப்படும் பூஞ்சை நச்சும், 8 விழுக்காட்டில் பூச்சிக்கொல்லி எச்சமும் காணப்பட்டன. அஃப்ளாடாக்சின் கல்லீரலைத் தாக்கும் நச்சு.

புரத அளவை மிகைப்படுத்திக் காட்டுவது எவ்வாறு இயலுகிறது என்று கேட்கலாம். ஆய்வகங்களில் வழக்கமாகப் புரதத்தை நேரடியாக அளப்பதில்லை. உணவிலுள்ள நைட்ரஜனை அளந்து, அதை 6.25 என்ற எண்ணால் பெருக்கிப் புரத அளவைக் கணிக்கிறார்கள். எனவே நைட்ரஜன் கொண்ட மலிவான வேறொரு பொருளைக் கலந்தாலும் சோதனையில் புரதம் கூடியதுபோல் தோன்றும். 2008இல் சீனாவில் குழந்தைகளுக்கான பால்பொடியில் மெலமின் என்ற வேதிப்பொருளைக் கலந்தது இதே உத்தியால்தான். அங்கு ஏறத்தாழ மூன்று லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டன. ஆறு குழந்தைகள் சிறுநீரகம் பழுதாகி உயிரிழந்தன.

யாருக்குப் பொடி உதவும்?

உணவின் மூலம் தேவையை நிறைவு செய்ய இயலாதபோது புரதப் பொடிக்கு இடம் உண்டு. கீழ்க்காணும் நிலைகளில் மருத்துவரே அதைப் பரிந்துரைக்கக்கூடும்.

வாய், தொண்டை, உணவுக்குழாய் ஆகியவற்றில் கதிர்வீச்சுச் சிகிச்சை பெறுவோர் மென்று விழுங்க இயலாமல் தவிப்பார்கள். நான்கு வாய்க்கு மேல் உண்ண இயலாத முதியவர்களும் உண்டு. இவர்களுக்குக் குறைந்த அளவில் நிறைந்த சத்தைத் தர வேண்டியுள்ளது. அதைப் பொடி எளிதாக்குகிறது.

டயாலிசிஸ் செய்துகொள்வோர் அடுத்த வகையினர். ஒவ்வொரு முறை டயாலிசிஸ் செய்யும்போதும் சுமார் 6 முதல் 12 கிராம் வரை அமினோ அமிலங்கள் குருதியிலிருந்து வெளியேறிவிடுகின்றன. வயிற்று வழி டயாலிசிஸ் செய்வோர் நாள்தோறும் 5 முதல் 15 கிராம் வரை புரதத்தை இழக்கிறார்கள். இந்த இழப்பை ஈடுசெய்ய, கிலோவிற்கு 1 முதல் 1.2 கிராம் வரை இவர்கள் உண்ண வேண்டும்.

கல்லீரல் சுருக்க நோயுற்றோரும் இவ்வகையில் சேர்வர். "புரதம் கொடுத்தால் மூளை குழம்பிவிடும்" என்று அஞ்சி, இவர்களுக்குப் பருப்பையும் முட்டையையும் முற்றாக நிறுத்திவிடும் குடும்பங்கள் இன்றும் உள்ளன. இது பழைய கருத்து. இவர்களுக்குக் கிலோவிற்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதம் தேவை என்பதே இன்றைய மருத்துவ நிலைப்பாடு. இரவு உறங்கும் முன் ஒரு டம்ளர் பாலோ கஞ்சியோ தருவதும் நல்லது. நீண்ட நேரப் பட்டினியில் இவர்களின் தசை விரைவாகக் கரைகிறது.

இவர்கள் அனைவருக்கும் பொதுவான ஒரு விதி உண்டு. புரதம் தசையாக மாற வேண்டுமெனில், உடலுக்குப் போதிய எரிபொருள் சோறு, எண்ணெய், நெய் ஆகியவற்றிலிருந்து கிடைக்க வேண்டும். உணவே உண்ணாதவருக்குப் பொடியை மட்டும் நீரில் கலந்து கொடுத்தால், உடல் அதைத் தசை கட்டப் பயன்படுத்தாமல் எரித்துவிடும். தேக்கு மரத்தை அடுப்பில் விறகாக வைப்பதற்கு ஒப்பானது அது. அதேபோல், படுக்கையிலேயே இருப்பவரின் தசை பொடியால் மட்டும் வளராது. மருத்துவர் அனுமதிக்கும் அளவில் எழுந்து அமர்வதும், நடப்பதும், இயன்முறைப் பயிற்சி செய்வதும் உடன் இருக்க வேண்டும்.

யாருக்குத் தீங்கு?

டயாலிசிஸ் நிலையை எட்டாத நாள்பட்ட சிறுநீரக நோயாளிகளே இங்கு முதலில் குறிப்பிடத்தக்கவர்கள். இவர்களில் பலர் தமக்கு இந்நோய் இருப்பதையே அறியாதவர்கள். பத்து ஆண்டுகளுக்கு மேல் நீரிழிவோ உயர் இரத்த அழுத்தமோ உள்ள எவருக்கும் இது இருக்கக்கூடும்.

புரதம் செரிக்கும்போது எஞ்சும் நைட்ரஜனைக் கல்லீரல் யூரியாவாக மாற்றுகிறது. யூரியாவை வெளியேற்றுவது சிறுநீரகம். பழுதுற்ற சிறுநீரகத்திற்கு மிகுதியான புரதத்தைக் கொடுக்கும்போது குருதியில் யூரியா உயர்கிறது. எஞ்சியுள்ள வடிகட்டிகள் கூடுதல் அழுத்தத்தில் வேலை செய்து விரைவில் தேய்கின்றன.

இங்கே ஒரு நச்சுச் சுழல் உருவாகிறது. யூரியா உயர்ந்ததன் அறிகுறிகள் யாவை? வாய்க்கசப்பு, குமட்டல், பசியின்மை, சோர்வு, உடல் மெலிவு. இவற்றைக் காணும் குடும்பத்தினர் என்ன நினைக்கிறார்கள்? "சாப்பிடவே இல்லை, சத்துக் குறைந்துவிட்டது" என்று கருதி இரண்டு கரண்டிப் பொடியைக் கலந்து கொடுக்கிறார்கள். யூரியா மேலும் உயர்கிறது. பசி மேலும் குறைகிறது. பொடியின் அளவு மூன்று கரண்டியாகிறது. அன்பால் செய்யப்படும் ஒன்று நோயை முற்றச் செய்கிறது. ஆகவேதான், நீரிழிவோ இரத்த அழுத்தமோ உள்ள ஒருவருக்குக் காரணமின்றிப் பசி குறைந்தால், பொடி வாங்குவதற்கு முன் கிரியேட்டினின், யூரியா, சிறுநீரில் புரதம் ஆகிய மூன்று எளிய சோதனைகளைச் செய்துகொள்ள வேண்டும் என்று வலியுறுத்துகிறோம்.

இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். "சிறுநீரக நோய்" என்று கேட்டவுடன் பருப்பு, பால், முட்டை அனைத்தையும் நிறுத்திவிடுவதும் தவறு. கிலோவிற்கு 0.8 கிராம் என்பது பட்டினி அன்று. நலமாக உள்ளவருக்கான 0.83 கிராமிற்கு அது மிக அருகில் உள்ளது. நாம் முன்பு கணக்கிட்ட சாதாரண உணவும் அதனுடன் ஒரு முட்டையும் 60 கிலோ எடையுள்ள சிறுநீரக நோயாளிக்கும் ஏறத்தாழப் பொருந்தும். அவர் தவிர்க்க வேண்டியது, அதற்கு மேல் வரும் பொடியைத்தான்.

ஒரு குடும்பத்தை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். கணவருக்கு வாரம் மூன்று முறை டயாலிசிஸ். எடை 60 கிலோ. மனைவிக்கு நீரிழிவால் சிறுநீரகம் பாதி அளவே இயங்குகிறது. எடை அதே 60 கிலோ. கணவருக்கு 60 முதல் 72 கிராம் புரதம் தேவை. மனைவிக்கு 48 கிராம் போதும். மருத்துவர் கணவருக்கு எழுதித் தந்த பொடியை, "இருவரும் இளைத்திருக்கிறோம், பாதியாகப் பகிர்ந்துகொள்வோம்" என்று மனைவியும் அருந்தினால், கணவருக்குப் போதாது, மனைவிக்கு மிகுதி. மருந்தைப் போலவே இதையும் உரியவர் மட்டுமே உட்கொள்ள வேண்டும்.

நோய் ஏதும் இல்லாதவர்களுக்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. 2024 மே மாதம் வெளியான இந்தியர்களுக்கான உணவு வழிகாட்டுதல்கள், உடல் கட்டுவதற்காகப் புரதப் பொடிகளை உட்கொள்வதைத் தவிர்க்குமாறு கூறுகின்றன. நீண்ட காலம் மிகுதியான புரதத்தை உட்கொண்டால் எலும்பிலுள்ள தாது இழப்பும் சிறுநீரகப் பாதிப்பும் நேரலாம் எனவும் அவை குறிப்பிடுகின்றன. மேலும், கிரியேட்டின் கலந்த பொடியை உண்பவருக்குச் சிறுநீரகம் நலமாக இருப்பினும் சோதனையில் கிரியேட்டினின் உயர்ந்து காணப்படலாம். சோதனைக்கு வரும்போது இதை மறவாமல் சொல்லுங்கள்.

பால் அருந்தினால் வயிறு உப்புவோருக்கும் கழிச்சல் ஏற்படுவோருக்கும் வே புரோட்டீனின் சில வகைகள் அதே தொல்லையைத் தரும். பால் ஒவ்வாமை உடையவர்கள் அதை முற்றிலும் தவிர்க்க வேண்டும். குழந்தைகளுக்கும் கருவுற்ற பெண்களுக்கும் மருத்துவரின் அறிவுரையின்றி எந்தப் பொடியும் தரலாகாது.

பழத்திலும் கவனம் தேவை

பொடியை மட்டும் ஐயுற்று, மிக்ஸியில் விழும் மற்றவற்றைக் கவனியாது விடுவதும் நிகழ்கிறது. சிறுநீரக நோயாளிகளில் பொட்டாசியம் உயர்ந்துள்ளவர்களுக்கு வாழைப்பழமும் இளநீரும் ஆபத்தானவை. உயர்ந்த பொட்டாசியம் இதயத் துடிப்பை நிறுத்திவிடக்கூடியது. இவர்களுக்கு ஆப்பிள், அன்னாசி போன்றவை சிறிதளவு ஏற்றவை. நட்சத்திரப் பழத்தைச் சிறுநீரக நோயாளிகள் தொடவே கூடாது. அதிலுள்ள நச்சை நலிந்த சிறுநீரகத்தால் வெளியேற்ற இயலாது. நிற்காத விக்கல், மனக்குழப்பம், வலிப்பு, மரணம் வரை அது இட்டுச்செல்லும்.

பச்சைக் கீரைகளை அதிக அளவில் அரைத்து நாள்தோறும் குடிப்பதும் இன்று பரவி வருகிறது. பசலை போன்ற கீரைகளில் ஆக்சலேட் மிகுதி. கேரளத்தில் இரும்பன்புளிச் சாற்றைச் செறிவாகக் குடித்த பத்துப் பேருக்கு ஆக்சலேட் படிந்து சிறுநீரகம் திடீரெனச் செயலிழந்ததை 2013இல் மருத்துவர்கள் பதிவு செய்துள்ளனர். ஒரு கைப்பிடிக் கீரையைச் சமைத்து உண்பதும், ஒரு கட்டுக் கீரையைப் பச்சையாக அரைத்துக் குடிப்பதும் ஒன்றல்ல.

நீரிழிவு உள்ளோர் பழத்தைக் கடித்து உண்பதே நன்று. சாறாக வடிகட்டும்போது நார்ச்சத்து நீங்கி, சர்க்கரை விரைவாகக் குருதியில் கலக்கிறது. அரைத்துத்தான் தர வேண்டுமெனில் வடிகட்டாமல், சர்க்கரையோ தேனோ பேரீச்சையோ சேர்க்காமல் தாருங்கள்.

மருந்துகளோடு மோதும் நேரங்கள்

சில மருந்துகளை இத்தகைய பானத்தோடு சேர்த்து உட்கொண்டால் மருந்து வேலை செய்யாது.

தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் நீருடன் மட்டும் விழுங்க வேண்டும். சோயா, சுண்ணாம்புச் சத்து, இரும்புச் சத்து ஆகியவை அது உட்கிரகிக்கப்படுவதைத் தடுக்கின்றன. மாத்திரைக்குப் பின் உடனே சத்துபானம் அருந்தலாகாது. சுண்ணாம்பு, இரும்புச் சத்துகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி தேவை.

பார்க்கின்சன் நோய்க்கான லெவோடோபா மருந்தும் புரதமும் உடலுக்குள் நுழைவதற்கு ஒரே வாயிலுக்காகப் போட்டியிடுகின்றன. புரதபானத்தோடு இம்மருந்தைக் கொடுத்தால் நடுக்கமும் விறைப்பும் கட்டுக்குள் வாரா.

சிப்ரோஃப்ளாக்சசின், டாக்சிசைக்ளின் போன்ற நுண்ணுயிர்க்கொல்லிகளைப் பாலுடனோ சுண்ணாம்புச் சத்துள்ள பொடியுடனோ கொடுக்கலாகாது. எத்தனை மணி நேரம் இடைவெளி வேண்டும் என்பதை மருந்தகத்தில் கேட்டறியுங்கள்.

இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் உட்கொள்வோர் திடீரெனக் கீரைப்பானம் பருகத் தொடங்கினால், கீரையிலுள்ள வைட்டமின் கே மருந்தின் ஆற்றலைக் குறைத்துவிடும். பொடியிலும் வைட்டமின் கே உள்ளதா என்று பாருங்கள்.

வீட்டிலேயே தயாரிக்கும் முறை

சிறுநீரக நோய் இல்லாத, உடல் தேற வேண்டியவருக்கு: காய்ச்சி ஆற்றிய பால் ஒரு டம்ளர், ஒரு கைப்பிடி பொட்டுக்கடலை, ஒரு மேசைக்கரண்டி பால்பொடி, ஒரு சிறிய வாழைப்பழம். பொட்டுக்கடலையை முதலில் நைசாகப் பொடித்துக்கொண்டு பிறகு மற்றவற்றைச் சேர்த்து அடித்தால் தொண்டையில் சிக்காது. காலை உணவுக்கு மாற்றாகத் தராமல், பதினொரு மணிக்கோ மாலை நான்கு மணிக்கோ தாருங்கள். அப்போதுதான் சோறு உண்ணும் அளவு குறையாது.

மிகக் குறைவாக உண்பவருக்கு: இதே பானத்தில் ஒரு கரண்டி வேர்க்கடலை விழுதும் ஒரு தேக்கரண்டி நெய்யும் சேர்க்கலாம். ஒரே வேளையில் வற்புறுத்தாமல், அரை டம்ளர் வீதம் இரு வேளைகளாகப் பிரித்துத் தாருங்கள். பல நாள்கள் ஏறத்தாழ எதுவுமே உண்ணாதிருந்தவருக்குத் திடீரென நிறைந்த சத்தைக் கொடுப்பது குருதியிலுள்ள உப்புகளைக் குலைத்து உயிருக்கே ஆபத்தாகலாம். அத்தகையவருக்கு மருத்துவர் சொல்லும் அளவிலேயே தொடங்க வேண்டும்.

டயாலிசிஸ் செய்துகொள்பவருக்கு: நீரின் அளவு கட்டுப்படுத்தப்பட்டிருப்பதால் பெரிய டம்ளர் பானம் ஏற்றதன்று. வேகவைத்த இரண்டு முட்டை வெள்ளைக்கருக்கள் 7 கிராம் புரதம் தரும். நீரும் பாஸ்பரசும் மிகக் குறைவு. மருத்துவர் பொடி பரிந்துரைத்திருந்தால் அதை இட்லி மாவிலோ கஞ்சியிலோ கலந்தும் தரலாம். பொருட்பட்டியலில் "பாஸ்பேட்" என முடியும் சேர்க்கைப் பொருள்கள் இருந்தால் அந்தப் பொடியைத் தவிருங்கள். பருப்பிலுள்ள பாஸ்பரஸில் பாதிக்கும் குறைவாகவே உடலில் சேரும். செயற்கையாகச் சேர்த்த பாஸ்பேட் ஏறத்தாழ முழுவதும் சேர்ந்துவிடும்.

எல்லோருக்கும் பொதுவாக: பச்சை முட்டையை உடைத்துக் கலக்காதீர்கள், அது கிருமித்தொற்றைத் தரும். கீமோதெரபி பெறுவோருக்கும் உறுப்பு மாற்றுச் சிகிச்சை பெற்றோருக்கும் பழங்களை நன்கு கழுவித் தோல் நீக்கியே பயன்படுத்துங்கள். மிக்ஸியின் மூடியிலுள்ள ரப்பர் வளையத்தையும் கழற்றிக் கழுவுங்கள். தயாரித்த பானத்தை இரண்டு மணி நேரத்திற்குள் அருந்திவிட வேண்டும். பக்கவாதத்திற்குப் பின் விழுங்கச் சிரமப்படுவோருக்கு நீர்த்த பானம் மூச்சுக்குழாயில் இறங்கி நிமோனியாவை உண்டாக்கலாம். எவ்வளவு கெட்டியாக இருக்க வேண்டும் என்பதை விழுங்கு பயிற்சியாளரிடம் கேளுங்கள். மூக்குக் குழாய் வழியாக உணவு பெறுவோருக்கு வீட்டில் அரைத்த பானத்தைக் கேட்காமல் செலுத்தாதீர்கள், குழாய் அடைத்துக்கொள்ளும்.

பொடியை வாங்கத்தான் வேண்டும் என்றால்

டப்பாவைத் திருப்பிப் பின்புறத்தைப் படியுங்கள். 100 கிராமில் எத்தனை கிராம் புரதம், எத்தனை கிராம் சர்க்கரை என்று பாருங்கள். பொருட்பட்டியல் எடையில் மிகுதியானதிலிருந்து தொடங்கும் என்பது விதி. முதலில் சர்க்கரையோ மால்ட்டோ இருந்தால் அது புரதப் பொடி அன்று. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண்ணும் காலாவதி நாளும் தெளிவாக இருக்க வேண்டும். மூலிகைச் சாறுகள் கலந்தவற்றைக் கல்லீரல், சிறுநீரக நோயாளிகள் தவிர்ப்பது பாதுகாப்பானது. திறந்த டப்பாவை ஈரமற்ற கரண்டியால் எடுத்து இறுக மூடி வையுங்கள். கட்டிபட்டாலோ மக்கிய வாடை வந்தாலோ விலையைப் பாராமல் எறிந்துவிடுங்கள்.

அடுத்த முறை வரும்போது

புரதப் பொடி வேண்டுமா என்று எங்களிடம் கேட்க வரும்போது நான்கு விவரங்களைக் கொண்டுவாருங்கள். முதலாவது, மூன்று நாள்கள் நோயாளி உண்டவற்றின் குறிப்பு. எத்தனை இட்லி, எத்தனை கரண்டி சோறு, எத்தனை டம்ளர் பால் என்று எழுதினால் போதும். இரண்டாவது, இன்றைய எடையும் மூன்று மாதங்களுக்கு முந்தைய எடையும். மூன்றாவது, கடைசியாக எடுத்த கிரியேட்டினின், யூரியா, பொட்டாசியம், சர்க்கரை முடிவுகள். நான்காவது, ஏற்கெனவே பொடி வாங்கியிருந்தால் அந்த டப்பாவே. யாரேனும் கடிந்துகொள்வார்களோ என்று அதை மறைக்க வேண்டியதில்லை. அதில் என்ன இருக்கிறது என்று தெரிந்தால்தான் சோதனை முடிவுகளைச் சரியாகப் பொருள்கொள்ள எங்களால் இயலும்.

இந்த நான்கும் இருந்தால், உணவியல் நிபுணரோடு அமர்ந்து பத்து நிமிடங்களில் கணக்கிட்டு, பொடி வேண்டுமா, வேண்டுமெனில் எது, எத்தனை கிராம், எத்தனை வாரங்கள் என்று எழுதித் தந்துவிடலாம். அதுவரை, சிறுநீரக நோயோ நீண்டகால நீரிழிவோ இல்லாதவர்களுக்குப் பாலும் பொட்டுக்கடலையும் பழமும் தாராளமாகக் கொடுங்கள். அவை உள்ளவர்களுக்கு, சோதனை முடிவு கையில் கிடைக்கும் வரை பொடி டப்பாவைத் திறக்காதீர்கள்.